கறுப்புக் காடியின் முதல் நிறுத்தம்

ஆயர் குரோ தொழிற்பேட்டையில் கவிநேசனின் பட்டறை எதுவென்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். காரை வேகமாக ஓட்டுகிற காடிக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் வந்து விழுவார்கள். உள்ளே போய், டயர் மாற்றுகிற இடத்தைத் தாண்டினால், வலது மூலையில் பச்சைப் பெயின்ட் அடித்த லேத் மெஷின் ஒன்று நிற்கும். அதன் முன்னால் பிளாஸ்டிக் முக்காலியில் பிரிஜிட் உட்கார்ந்திருப்பாள். நாற்பத்தொன்பது வயது. தலையில் பூப்போட்ட துணி, மூக்கில் முகக்கவசம், கண்ணில் பெரிய கண்ணாடி. மெஷினில் ஒரு பிரேக் டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும். அவள் பார்வை மட்டும் அங்கே இருக்காது. எங்கேயோ கேமரன் மலை இறக்கத்தில் இருக்கும்.

"அக்கா பறந்துட்டாங்க லா," என்பான் கவிநேசன்.

பறந்துதான் போவாள். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

டிஸ்க் என்றால் ஒன்றுமில்லை, சக்கரத்துக்குள் உட்கார்ந்திருக்கும் இரும்புத் தட்டு. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் பேட் வந்து அதைக் கவ்விப் பிடிக்கும், காடி நிற்கும். ஓடி ஓடி அந்தத் தட்டின் முகம் மேடும் பள்ளமுமாகிவிட்டால், பிரேக் போடும்போது ஸ்டியரிங் கைக்குள் கிடந்து ஆடும். அப்போது தட்டைக் கழற்றி லேத்தில் மாட்டி, முடி கனத்துக்கு இரண்டு முகத்தையும் சீவிச் சமன் பண்ண வேண்டும். ஸ்கிம் பண்ணுவது என்று பெயர். நிதானமான வேலை. கத்தி உள்ளிருந்து வெளியே வர ஏழெட்டு நிமிஷம் ஆகும். அதுவரை உஸ்ஸென்று ஒரே சத்தம், மழை தூரத்தில் பெய்வது போல. அந்தச் சத்தத்தில் ஏறி உட்கார்ந்துதான் பிரிஜிட் ஊர் சுற்றுவாள்.

நீலம் பாரித்த டிஸ்க் வந்தால், ஆகா, இது மலையிலிருந்து இறங்கியது. பக்கத்தில் பெண்டாட்டி 'மெதுவா, மெதுவா' என்று கத்தியிருக்கிறாள், இவன் கேட்கவில்லை. ஓரத்தில் உப்பரித்த டிஸ்க் வந்தால், இது கடற்கரைக்காரன் காடி. மாலையானால் தூண்டிலோடு போய் நிறுத்திவிட்டு, மீன் கடிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று அலையைப் பார்த்துக்கொண்டு இருப்பவன். ஒரே பக்கம் துருவேறி வந்தால், யாரோ படிக்கிற பிள்ளை, யூனிவர்சிட்டி மரத்தடியில் மாதக்கணக்கில் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டது. இப்படி ஒவ்வொரு தட்டிலும் ஏறி அவள் போகாத ஊரில்லை. உண்மையில் பார்த்தால் அவளுக்குக் காடி ஓட்டத் தெரியாது. புக்கிட் பெருவாங்கிலிருந்து பட்டறைக்கும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கும், ஒரு பழைய மோட்டர் சைக்கிளில்தான் போய்வருவாள்.

"உன் மெஷின்ல படம் ஓடுதா, என்ன?" என்பார் அவள் வீட்டுக்காரர் மிக்கேல்ராஜ். யூனிவர்சிட்டி கேட்டில் காவல் காக்கிற ஜாகா வேலை அவருக்கு.

"ஆமா. உங்க கேட்டுலயும்தான் ஓடுது, நீங்க தூங்கிருறீங்க," என்பாள்.

கனவு காண்கிறவள் வேலையில் கோட்டை விடுவாள் என்று நினைத்தால் அது நினைத்தவர்கள் தப்பு. கண்தான் ஊர் சுற்றும். காது லேத்தை விட்டு அசையாது. அவள் அந்த வேலைக்கு வந்ததே காதால்தான். ரெம்பியாப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி வந்த பிறகு ஒரு பேக்டரியில் இருந்தாள். அது மூடியதும் இந்தப் பட்டறையில் கூட்டவும் தேநீர் கலக்கவும் சேர்ந்தாள். அப்போது கவிநேசனின் அப்பா முதலாளி. ஒரு நாள் லேத் ஓட்டுகிறவர் டிஸ்க்கை ஓடவிட்டுவிட்டு வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். துடைப்பத்தோடு நின்ற பிரிஜிட் அவரைப் போய்க் கூப்பிட்டாள். "அண்ணே, அது அழுவுது. வந்து பாருங்க." வந்து பார்த்தால் கத்தி முனை உடைந்திருந்தது. அடுத்த மாதம் அவர் சிங்கப்பூர் போய்விட்டார். "அழுவுதா சிரிக்குதான்னு உனக்குத்தான் தெரியுதே, நீயே ஓட்டு," என்றார் முதலாளி. பதினெட்டு வருஷமாகிறது. அதற்குப் பிறகு அவள் சீவிய டிஸ்க் ஆட்டுகிறது என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

வந்தது, அந்தக் கறுப்புக் காடி.

சுகுமாரனின் காடி அது. முப்பத்தாறு வயது, பேக்டரி எஞ்சினியர், நாலு பேருக்கு நடுவில் பேசக் கூச்சப்படுகிறவன். காடி மட்டும் கூச்சமே இல்லாதது. தாழ்ந்து, அகன்று, உறுமிக்கொண்டு வரும். முன் சக்கரத்து டிஸ்க் ஒவ்வொன்றும் தோசைக்கல்லைவிடப் பெரிது, முகத்தில் வரி வரியாகக் கோடு வெட்டியது. அதை லேத்தில் மாட்டினால் உஸ்ஸென்ற சத்தத்துக்கு நடுவே டிக் டிக்கென்று தாளம் போடும். பிரிஜிட்டுக்கு அந்த டிஸ்க் மேல் ஒரு தனி ஆசை. முதல் தடவை வந்தபோது அரை மில்லி சீவி, இரண்டு முகத்தையும் மணல்தாளால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, மிக்கேல்ராஜின் பழைய வெள்ளைச் சட்டைத் துணியால் கறுப்பு ஒட்டாமல் போகிற வரைக்கும் துடைத்து, மணப்பெண்ணை அனுப்புவது மாதிரி அனுப்பிவைத்தாள்.

மூன்றே வாரம். காடி திரும்பி வந்துவிட்டது.

"பிரேக் புடிச்சா ஸ்டியரிங் ஆட்டுது கா," என்றான் சுகுமாரன், அவன்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டவன் போல.

மறுபடியும் சீவினாள். சக்கரம் உட்காரும் இடத்துத் துருவையெல்லாம் கவிநேசனே சுரண்டி எடுத்து மாட்டினான். ஆட்டம் அளக்கிற மீட்டரை வைத்துப் பார்த்தார்கள், முள் அசையவில்லை. பளிங்கு மாதிரி ஓடியது. ஒரு மாதத்தில் மறுபடியும் வந்து நின்றது, அதே ஆட்டத்தோடு.

அன்றைக்குக் கவிநேசன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. ஒரு தேநீரைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. வேற யாரு காடியா இருந்தாலும் பரவால்ல. இவங்க குருப்புல நாப்பது பேரு இருக்கான். ஒருத்தன் சொன்னா நாப்பது பேரும் கேப்பான். இந்தத் தடவயும் ஆட்டுச்சுன்னா, நான் லேத்தைக் குடுத்துட்டு ஸ்கிம் வேலையெல்லாம் வெளிய அனுப்பிடலாம்னு இருக்கேன். கம்ப்யூட்டர் மெஷின் வெச்சிருக்கான் லா அங்க. நீங்க எங்கயும் போக வேணாம். கவுண்டர்ல உக்காருங்க, ஏர்கோன் இருக்கு."

"நான் சரியாத்தான் சீவுனேன், தம்பி."

"தெரியும் கா. ஆனா நீங்களும் கொஞ்சம்… அப்பப்ப பறந்துருறீங்க இல்ல?"

அந்த வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது. கவுண்டரில் ஏர்கோன் இருக்கலாம், சம்பளமும் அதேதான். ஆனால் கவுண்டரில் உட்கார்ந்து எந்த ஊருக்குப் போவது? லேத் போனால் மழைச் சத்தம் போய்விடும். மலையும் கடலும் போய்விடும். பிறகு அவளுக்கு இருப்பது புக்கிட் பெருவாங்கும் பட்டறையும் நடுவில் நாலு டிராபிக் லைட்டும்தான்.

அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று உள்ளே புகுந்துகொண்டது. ஒருவேளை நிஜமாகவே நான்தானோ? பறந்துகொண்டே இருந்ததில் காதும் கூடவே பறந்துவிட்டதோ? சந்தேகம் வந்த பிறகு தூக்கம் ஏது. பத்து நாள் படுக்கையில் புரண்டாள். லேத்தின் முன்னால் உட்கார்ந்தால் கண் கத்தி முனையை விட்டு நகரவில்லை. உப்பரித்த டிஸ்க் வந்தது. துரு என்று நினைத்தாள், அவ்வளவுதான். கடலும் இல்லை, தூண்டில்காரனும் இல்லை. கனவே வராமல் வேலை செய்வது இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. வெறும் இரும்பு!

"சோறு வெச்சது வெச்சபடி இருக்கு. மாதாகிட்ட சொன்னியா?" என்றார் மிக்கேல்ராஜ்.

"சொல்லிட்டேன். மாதாவுக்கு பிரேக் பத்தித் தெரியாதுங்க," என்றாள் அழுகையை அடக்கிக்கொண்டு.

பத்து நாள் கழித்து, சொல்லிவைத்திருந்த புதுப் பேட் வந்ததும், கறுப்புக் காடியின் டிஸ்க்குகளைக் கவிநேசன் கழற்றிக் கொண்டுவந்து போட்ட காலையில், அவள் வழக்கம் போல முதலில் சோப்பு வாளியை இழுத்தாள். எது வந்தாலும் கழுவிவிட்டுத்தான் தொடுவாள். பட்டறையில் அவளுடைய சுத்தம் பேர்போனது. முக்கி எடுக்கப் போன கை அப்படியே நின்றது. தூக்கமில்லாத மூளை மெதுவாகத்தான் ஓடும். சில சமயம் அதுவும் நல்லதுதான். இரண்டு தடவையும் இதை நான் கழுவிவிட்டல்லவா பார்த்தேன்? அழுக்கோடு ஒரு தடவையும் பார்க்கவே இல்லையே!

வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். சாய்த்துப் பார்த்தாள். வரிக்கோடுகளுக்கு நடுவே ஒரே ஒரு இடத்தில், விரல் நீளத்துக்கு, கருநீலமாக ஒரு படிவு. ஈரக் கையைச் சுவரில் வைத்து எடுத்தால் படியுமே, அந்த மாதிரி. அளந்து பார்த்தால் அச்சு அசல் பேட்டின் வடிவம். மற்ற டிஸ்க்கிலும் அதே இடம், அதே அச்சு.

சுத்தம் சோறு போடும் என்பார்கள். அவளுடைய சுத்தம் சோற்றில் மண்ணள்ளிப் போடப் பார்த்திருக்கிறது!

பத்து நாளில் முதல் தடவையாக அவள் கண் டிஸ்க்கை விட்டுக் கிளம்பியது. எங்கேயோ ஒரு ரோடு. காடி வேகமாக வருகிறது. டிஸ்க் அடுப்பு மாதிரி கொதிக்கிறது. கொதிக்கக் கொதிக்க அப்படியே நிற்கிறது. இறுக்கி மிதித்தபடி, கொஞ்ச நேரமல்ல, ரொம்ப நேரம். பேட் உருகி டிஸ்க்கில் ஒட்டுகிற வரைக்கும். ஒட்டியது நாளாக நாளாக மேடாகிறது, அந்த மேடுதான் கையை ஆட்டுகிறது. எல்லாம் தெரிந்தது. எந்த ரோடு, யாருக்காக அங்கே நிற்கிறான் என்பது மட்டும் தெரியவில்லை.

டிஸ்க் முப்பது மில்லிக்குக் கீழே போகக்கூடாது என்று அதன் தோளிலேயே பொறித்திருக்கும். அளந்தாள். முப்பது புள்ளி மூன்று. இன்னும் ஒரே ஒரு தடவை சீவலாம். அதற்கு மேல் அது பழைய இரும்புக் கடைக்கு, லேத் வேறு யாருக்கோ, அவள் கவுண்டருக்கு.

பக்கத்துக்குப் புள்ளி ஒன்றாக, மூச்சை அடக்கிக்கொண்டு சீவினாள். முப்பது புள்ளி ஒன்று. புதுப் பேட் போட்டு மாட்டியதும், கையைத் துடைத்துக்கொண்டு சுகுமாரனிடம் போனாள்.

"தம்பி, பிரேக்கைப் பழக்க நீங்க போறப்ப நானும் வாறேன்."

சுகுமாரன் திருதிருவென்று விழித்தான். "நீங்களா? வேணாம் கா. வேகமாப் போவேன். வாணியே ஏற மாட்டேங்கிறா."

வாணி அவன் மனைவி. அவள் ஏன் ஏறவில்லை என்று பிரிஜிட் கேட்கவில்லை. கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிக்கொண்டாள். இனிமேல் இறக்கவா முடியும்?

பழக்குவது என்று ஒன்று இருக்கிறது. சீவிய டிஸ்க்கும் புதுப் பேட்டும் புது மாப்பிள்ளை பெண் மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டிப் பழக வேண்டும். எண்பதில் போய் இருபதுக்கு இறக்கி, மறுபடி எண்பது, மறுபடி இருபது. பத்து தடவை. நடுவில் முழுசாக நிறுத்தக்கூடாது. "நிறுத்தாம பத்து தடவ மிதிங்க," என்றுதான் கவிநேசன் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவான். அதற்கப்புறம் பத்து நிமிஷம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும் என்கிற பாதி பாட்டு, சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டார்கள். இருவரும்தான். பிரிஜிட்டும் அதில் சேர்த்தி.

கறுப்புக் காடி டிராபிக் லைட் இல்லாத குறுக்கு ரோட்டில், எங்கும் நிற்காமல், ரெம்பியாப் பக்கம் திரும்பியது. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். மதிய வெயில் ஓலைகளுக்கு நடுவே விழுந்து விழுந்து எழுந்தது. எண்பது, இருபது. உடம்பு முன்னால் போய் மெத்தென்று திரும்பி வந்தது. எண்பது, இருபது. அம்மாடி, இதுதானா அது! பதினெட்டு வருஷமாக முக்காலியில் உட்கார்ந்து போன பயணமெல்லாம் இப்படித்தான் இருந்ததா? காலடியில் அவள் சீவிய டிஸ்க் டிக் டிக்கென்று தாளம் போடுவது அவளுக்கு மட்டும் கேட்டது. ஏழாவது தடவையில் பேட் காய்ந்த வாசம் வந்தது. பத்தாவதில் நன்றாகவே வந்தது.

"போதும் தம்பி. இனிமே மிதிக்காதீங்க. சும்மா உருட்டிக்கிட்டே போங்க, ஆறட்டும்."

"கிட்டத்துல ஒரு எடம் இருக்கு கா. அங்க மட்டும் நிக்கணும்."

"எங்க?"

அவன் பதில் சொல்வதற்குள் ரோடு வளைந்தது. வளைவின் மேட்டில், ஆலமரத்தடியில், சிவப்பும் வெள்ளையுமாகச் சின்னதாய் ஒரு முனீஸ்வரன் கோயில். ரோட்டோரத்தில் பூசாரி அப்புசாமி, முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தது போல, தட்டோடு நின்றுகொண்டிருந்தார். தட்டில் நாலு எலுமிச்சம்பழம். காடியைக் கண்டதும் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டார்.

பிரிஜிட்டுக்கு ஒரு நொடியில் அத்தனையும் விளங்கிவிட்டது. மேட்டில் நிறுத்துவான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். பூசாரி குனிந்து நாலு சக்கரத்தடியிலும் கையை விட்டுப் பழம் வைப்பார். அவர் விரல் அங்கே இருக்கிறதே என்று இவன் உயிரைக் கொடுத்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பான். பழம் வைத்து, பொட்டு வைத்து, கற்பூரம் சுற்றி முடிகிற வரைக்கும். கொதிக்கிற டிஸ்க்கில்!

"நிக்காதீங்க!" என்று கத்தினாள்.

"அக்கா, சாமி கா!"

"நிக்காதீங்கங்கிறேன்! போங்க, போங்க, போங்க!"

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, சுகுமாரனின் கால் தானாக எழும்பிவிட்டது. காடி கோயிலைத் தாண்டியது. தட்டை நீட்டியபடி வாயைப் பிளந்து நின்ற அப்புசாமி கண்ணாடிக்கு அப்பால் நழுவிப் போனார். கத்திய பிறகுதான் பிரிஜிட்டுக்குத் தான் செய்தது உறைத்தது. மாதா கோயிலுக்குப் போகிறவள் நான். இன்னொருத்தருடைய சாமியைக் காத்திரு என்று சொல்ல நான் யார்? நெஞ்சில் ஒரு சிலுவையைப் போட்டுக்கொண்டாள். முனீஸ்வரனுக்கும் சேர்த்து.

சுகுமாரனின் முகம் வெளிறிப் போயிருந்தது. "என்ன கா பண்ணிட்டீங்க," என்றான். கண்ணில் நிஜமாகவே நீர். "மூணு வருஷத்துக்கு முன்ன மழையில, இதே வளைவுல, பிரேக் புடிக்காம வழுக்கிட்டேன். சுத்தி சுத்திப் போயி, அவர் சூலத்துக்கு ஒரு சாண் முன்னால நின்னுச்சு. வாணி உள்ள இருந்தா. ஏழு மாசம். அன்னிக்கு வேண்டிக்கிட்டேன், பிரேக்ல எப்ப கை வெச்சாலும் மொத நிப்பு உனக்குத்தான்னு. இப்ப தாண்டிட்டேனே!"

அதுதான் நிற்காமல் அத்தனை பக்தியோடு பத்து தடவை மிதித்தானா! கவிநேசன் சொன்ன பாதியும் இவன் வேண்டுதலும் கன கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது பாருங்கள்.

"இத ஏன் பட்டறையில சொல்லல?"

"சிரிப்பாங்க கா. எஞ்சினியர் வேற."

பிரிஜிட் டிஸ்க்கில் பார்த்த அச்சைச் சொன்னாள். எங்கேயிருந்து வந்தது என்பதையும் சொன்னாள். அவன் எஞ்சினியர்தானே, பாதியிலேயே புரிந்துகொண்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். புரிந்து என்ன செய்ய? வேண்டுதல் வேண்டுதல்தானே.

"தாண்டிட்டமே கா."

"தாண்டுனோம், ஆனா எங்கயாச்சும் நின்னமா? நிக்கலயே! மொத நிப்பு இன்னும் பத்திரமாத்தான் இருக்கு. தோட்ட ரோட்டுல ஒரு சுத்து சுத்திட்டு, ஆறுன பெறகு வந்து அவருக்கே குடுங்க."

சுகுமாரன் அவளைத் திரும்பிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "ரோட்டப் பாருங்க," என்றாள்.

தோட்ட ரோடு நீளமாக, காலியாகக் கிடந்தது. கியரை இறக்கி உருட்டினான். ஜன்னலைத் திறந்துவிட்டதும் பச்சை வாசனை உள்ளே வந்தது. வரிசை வரிசையாகச் செம்பனை வந்து ஒதுங்கி வழிவிட்டது. காடி தரையில் போகிற மாதிரியே இல்லை. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், திருப்பத்தில் மாடுகள். ஏழெட்டு, ரோட்டை அடைத்துக்கொண்டு, ஏதோ தாத்தா சொத்து மாதிரி.

"ஐயோ, நிக்கணும் கா!"

"முனீஸ்வரனுக்கு வெச்சத மாட்டுக்குக் குடுத்துறாதீங்க! ஊர்ந்தே போங்க!"

முதல் கியரில் காடி நத்தையாக ஊர்ந்தது. பிரிஜிட் இடுப்பு வரைக்கும் வெளியே நீட்டிக்கொண்டு, தலைத்துணியை அவிழ்த்து வீசினாள். "ஹேய்! ஹோய்! போ அந்தண்ட!" ஒரு கிழப் பசு மட்டும் நகராமல், கறுப்புக் காடியை மேலும் கீழும் பார்த்தது. அதன் வாலுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு கை இடைவெளி இருந்தபோது, போனால் போகிறது என்று வழிவிட்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள். சுகுமாரன் வாய்விட்டுச் சிரிப்பான் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுபடியும் கோயில் மேட்டுக்கு வந்தபோது வாசம் அடங்கியிருந்தது. காடி நின்றது. முதல் நிப்பு. சுகுமாரன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே கண்ணை மூடிக் கும்பிட்டான்.

அப்புசாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். "என்னடா, முனிக்கே டாட்டா காட்டிட்டுப் போற? பெரிய மனுசனாயிட்டியா?"

பிரிஜிட் இறங்கினாள். "தம்பி மேல தப்பில்லண்ணே. நான்தான் நிக்க விடல. பிரேக்கு சூடா இருந்துச்சு. சூட்டோட நின்னா கெட்டுப்போயிரும். ஆறட்டும்னு சுத்திட்டு வந்தோம்."

அவர் அவளையும், கழுத்துச் சிலுவையையும், அவிழ்ந்த தலைத்துணியையும் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கற்பூரம் கரிந்து முடிந்திருந்தது.

"உங்க பேட்டு ஆறுற வரைக்கும் முனி காத்திருப்பாரு. கற்பூரம் காத்திருக்குமா?" என்றார். "இருங்க, வேற கொளுத்துறேன். அவசரத்துல பொறந்தவனுங்க."

பழம் நசுங்கி, பூசை முடிந்ததும் அப்புசாமி ஒரு முழு எலுமிச்சம்பழத்தை எடுத்து பிரிஜிட்டின் கையில் வைத்தார். "நீ வெச்சுக்கம்மா. பிரேக்கு போடுற ஆளு நீதானாமே." இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது நெடுஞ்சாலை வழியாக வந்தார்கள். இனிமேல்தான் பரீட்சை. நூற்றுப்பத்தில் போய் மிதித்துப் பார்த்தால் ஆட்டம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். லேத்தா கவுண்டரா என்பதும் தெரிந்துவிடும். பிரிஜிட் மடியில் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டயர்ச் சத்தம் உஸ்ஸென்று வந்தது. மழை தூரத்தில் பெய்வது போல. அடியில் டிக் டிக்கென்று தாளம். ஒரு மலை வந்தது. மலைக்கு அப்பால் கடல் இருக்க வேண்டும், அங்கே ஒருவன் தூண்டிலோடு…

அப்புறம் நடந்தது அவளுக்குத் தெரியாது. கவிநேசன்தான் பிறகு எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

கறுப்புக் காடி பட்டறை வாசலில் வந்து நின்றபோது அவன் கிரீஸ் கையோடு ஓடிவந்தான். "என்ன, ஆட்டுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

சுகுமாரன் உதட்டில் விரலை வைத்தான். சத்தமில்லாமல் கதவைத் திறந்து இறங்கி, பக்கத்து இருக்கையைக் காட்டினான்.

கவிநேசன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான். பிரிஜிட் வாய் லேசாகத் திறந்து, கண்ணாடி மூக்கில் சரிந்து, பழத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பத்து நாள் தூக்கம்.

"நூத்திப்பத்துல இருந்து மூணு தடவ மிதிச்சேன்," என்று கிசுகிசுத்தான் சுகுமாரன். "டோல்கிட்ட லோரிக்காரன் குறுக்க வந்தான், அப்ப ஒரு தடவ. அக்கா முழிக்கவே இல்ல. நாளைக்கு வாணியக் கூட்டிக்கிட்டு வரப் போறேன்."

கவிநேசன் உள்ளே போய், காது கிழியக் கத்திக்கொண்டிருந்த காற்று கம்ப்ரசரை நிறுத்தினான். டயர் கழற்றுகிறவர்கள் என்னவென்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சத்தம் போடாதீங்க லா," என்றான். "அக்கா பறக்கட்டும்."